நான் உப்புப் போடவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நீ எனக்குச் செய்த அநியாயம் இது: நான் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று, என் வீட்டு மாடியில் நின்று, நீ கட்டப்போகிற யாமினியின் தாய் தகப்பன் கேட்கும்படி சொன்னாய். உன் பியர் வாளிக்குள் நான் உப்புப் போட்டதாகச் சொன்னாய். நான் போடவில்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் சொன்ன குற்றத்துக்கு நாலு பேர் முன்னால்தான் பதில் வர வேண்டும். அதனால் இதைத் தபாலில் அனுப்பாமல் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். யாமினியின் அப்பாவும் அதில் இருக்கிறார், வாசிக்கட்டும். நீயும் வாசி. தமிழ் மறந்துபோச்சு என்று சாட்டுச் சொல்லாதே. ஒன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல், ஷிப்டை மாற்றிக்கொண்டு, உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவன் நான்.

அது நடந்து ஏழு கிழமையாகிறது. இந்த ஏழு கிழமையும் நீ அம்மாவோடு நாள்தோறும் போனில் கதைக்கிறாய், என்னைக் கேட்பதில்லை. போன கிழமை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், கலியாணத்தன்று காலை பாலறுகு வைப்பதை நோர்பரியில் உன் சிநேகிதன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று. அப்பா மன்னிப்புக் கேட்டால் பிறகு பார்ப்போம் என்று. மகன், மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, முழுகவார்த்து, வாசலால் வெளியே அனுப்புவது பெற்றவர்கள் தங்கள் வீட்டில் செய்கிற காரியம். அதை வேறொருவன் வீட்டில் செய்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது மண்டபத்தில் ஒரு கதிரை. அந்தக் கதிரையில் வந்து இருக்க மாட்டேன். இதை வெருட்டலாக எழுதவில்லை. என்னை உனக்குத் தெரியும்.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அன்று ஒருவரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிந்திய பின்னேர விருந்தில் உன் வேலைத்தளச் சிநேகிதர்களுக்கு உன் கையால் காய்ச்சிய பியர் கொடுக்க ஆசைப்பட்டாய். நீ இருக்கிற நோர்பரி பிளாட்டில் வாளி வைக்க இடமில்லை என்று ரெய்னர்ஸ் லேனுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். மதுவைப் பற்றி என் எண்ணம் உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குக் கலியாணம் என்பதால் வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தகரப்பேணியில் இருந்த மோல்ட் என்கிற பார்லிப் பாகை வெந்நீரில் கரைத்து, சீனி போட்டு, பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றி, மேலே ஈஸ்டைத் தூவினாய். "எங்கை வைக்கிறது?" என்று கேட்டாய். "தோசைமா வைக்கிற இடத்திலை வையன்" என்றார் அம்மா. மேல்மாடியில் சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கிற அலுமாரிக்குள், துவாய்களுக்குக் கீழே, இருபத்தைந்து வருஷமாக எங்கள் தோசைமா புளிக்கிற அதே மூலையில் வாளி இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை வாளி கதைக்கத் தொடங்கியது. மூடியின் நடுவில் நீ குத்தியிருந்த சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள், எயர்லொக் என்று நீ பெயர் சொன்ன அந்தச் சாமானுக்குள், கொஞ்சத் தண்ணீர் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே இருந்து காற்று வந்தது. பொளக் என்று ஒன்று. நான்கு செக்கன் கழித்து இன்னொன்று. "அப்பா, இஞ்சை வாங்கோ, உயிரோடை இருக்கு" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கூப்பிட்டாய். நான் வந்து பார்த்தேன். "கக்கூஸ் தாங்கி நிரம்பிற சத்தம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ சிரித்தாய். அன்றைக்கு அந்த வாளியை நான் எத்தனை தரம் போய்ப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது.

ஞாயிறு மத்தியானம் யாமினி வீட்டார் சாப்பிட வந்தார்கள். சாப்பாட்டுக்கு முதல் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப்போய் அலுமாரிக் கதவைத் திறந்தாய். சத்தமில்லை. ஒரு நிமிஷம் பார்த்தோம், இரண்டு நிமிஷம் பார்த்தோம். குழாய்த் தண்ணீர் அசையவில்லை.

"நேற்று முழுக்கச் சத்தம் போட்டது அங்கிள், சத்தியமா" என்றாய்.

"மத்தியானம்ல, தூங்குது போல" என்றார் யாமினியின் அப்பா. பினாங்கில் பிறந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர், நல்ல குணம். எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை.

"அப்பா, மூடியைத் திறந்தனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"ஏதும் போட்டனீங்களோ?"

"எனக்கு வேறை வேலை இல்லையோ?"

"அப்பாதான் உப்புப் போட்டிருப்பார்" என்று அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னாய். "உப்புப் போட்டா ஈஸ்ட் செத்துப்போம். முந்தி ஒருக்கா என்ரை விஸ்கியை ஊத்திப்போட்டுத் தேத்தண்ணி நிரப்பி வைச்சவர்தானே. இது அவருக்குப் பெரிய வேலையே?"

யாமினியின் அம்மா அலுமாரியில் மடித்திருந்த துவாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாமினியின் அப்பா என் தோளில் தட்டி, "விடுங்க சார், பியர்தானே, கடையில வாங்கிக்கலாம்" என்றார். அவர் சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தட்டலில் அவர் உன்னை நம்பிவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. குற்றமில்லாதவனை ஒருவரும் தோளில் தட்டி விடுங்கோ என்று சொல்வதில்லை.

தேத்தண்ணீர்க் கதை உண்மை, அதை மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருஷம், உன் அறை மேசைக்குக் கீழே போத்தலைக் கண்டேன். கண்டதும் ஊற்றினேன், ஆறிய வெறும் தேத்தண்ணீரை அதே அளவுக்கு நிரப்பினேன், நீ அதைச் சிநேகிதர்களிடம் கொண்டுபோய் அவமானப்பட விட்டேன். நீ பிறந்த காலத்தில் நாங்கள் செவன் கிங்ஸில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். உன் பெரியப்பாவும் எங்களோடு இருந்தார். வேலை முடிந்து வந்து குடிக்கத் தொடங்கினால் தூங்கும்வரை குடிப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, ஒருவரையும் அடித்ததில்லை. சும்மா இருந்து குடித்துக் குடித்து, கண் மஞ்சளாகி, நாற்பத்தொரு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிந்தார். நான் அவருக்கு ஒரு சொல் சொல்லவில்லை, அண்ணைக்குத் தம்பி எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அந்தப் போத்தலைக் கண்டபோது எனக்குத் தெரிந்தது அவருடைய கண்தான். ஆனாலும் உன்னைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். களவாக மாற்றி வைத்தது பிழை. இதை முதல் தரமாக ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை களவு செய்தவன் மேல் மறுமுறையும் சந்தேகம் விழும் என்பதும் எனக்கு விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக அது நியாயமாகாது.

புதன்கிழமை வேலையால் நேரே வந்தாய். வாளி அப்போதும் மௌனமாக இருந்தது. என்னோடு ஒரு சொல் பேசாமல் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவுப் புல்லில் ஊற்றினாய். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மகன், நீ ஊற்றிய இடமெல்லாம் நுரை எழும்பியது. புல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு, சவர்க்காரத் தண்ணீர் மாதிரி, இரைந்துகொண்டு எழும்பியது. நீ வாளியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாய். செத்த சாமான் அப்படி நுரைக்குமா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

வாளியைக் கழுவியதும் நான்தான். உள்சுவரில், பியர் நின்ற மட்டத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில், பழுப்பாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. தோசைமா பொங்கி இறங்கினால் சட்டியில் ஒட்டியிருக்குமே, அதே வளையம். அடியில் மரவள்ளிமாக் கூழ் போல வெள்ளையாக ஒரு மண்டி. உப்பால் செத்த ஈஸ்ட் இவ்வளவு பொங்கி, இவ்வளவு பெருகி, அடியில் படுக்குமா? நான் படித்தவனல்ல. பெற்றோல் அடிக்கிற செற்றில் வேலைக்கு இருந்து பேப்பர் வாசித்து இங்கிலிஷ் பழகியவன், கையேட்டை வாசித்து பொயிலர் திருத்தியவன். எனக்கு ஒன்று விளங்காவிட்டால் விளங்கும்வரை விடமாட்டேன். நூலகத்தில் பியர் காய்ச்சும் புத்தகங்கள் மூன்று எடுத்தேன். இரவல் கொடுக்கிற பிள்ளை என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

மூன்று புத்தகமும் ஒரே கதையைத்தான் சொல்லின. புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் விடுகிற பிழை, குமிழியை நாடித்துடிப்பு என்று நினைப்பது. குமிழி என்பது ஈஸ்ட் சீனியைத் தின்னும்போது விடுகிற காற்று, அவ்வளவுதான். அது குழாயால்தான் வெளியே போக வேண்டும் என்று சட்டமில்லை. மூடியில் மயிரளவு நீக்கல் இருந்தால் அதனால் போய்விடும், குழாய் சும்மா கிடக்கும். வேலை முடிந்தாலும் சும்மா கிடக்கும். வேலை முடிந்த பிறகும் வாளி சூடேறினால் கரைந்திருந்த காற்று கிளம்பிக் குமிழி விடும். ஆகவே குமிழி இருக்கிறது என்பதும் சாட்சியல்ல, இல்லை என்பதும் சாட்சியல்ல. சாட்சி சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், நீ பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமலே வைத்திருந்த அந்தக் கண்ணாடிக் குழல், ஹைட்ரோமீற்றர் என்கிற மானி. சீனிக் கரைசலில் அது உயர்ந்து மிதக்கும். சீனி தீரத் தீரக் கீழே இறங்கும். தண்டில் எண் எழுதியிருக்கிறது, வெறும் தண்ணீருக்கு ஆயிரம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து, இரண்டு தரமும் ஒரே எண், அதுவும் பேணியில் போட்டிருக்கும் முடிவெண்ணுக்குக் கிட்ட நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை நீ ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொன்னாய்.

உப்புப் போடவில்லை என்று வாயால் சொல்லி ஒருவரும் நம்பப்போவதில்லை என்பதால் செய்துகாட்டத் தீர்மானித்தேன். அறுபத்தெட்டு வயதில், வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவன், பஸ் இரண்டு மாறி பியர்ச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கழுத்து முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெண்பிள்ளை, என்ன மாதிரிப் பியர் விருப்பம் என்று கேட்டது. நான் குடிப்பதில்லை என்றேன். பிறகு ஏன் காய்ச்சுகிறீர்கள் என்றது. ஒரு வழக்கு இருக்கிறது என்றேன். அது விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நீ வாங்கிய அதே பேணியை எடுத்துத் தந்தது.

அதே வாளி, அதே மூடி, அதே அலுமாரி. ஒன்றை மட்டும் மாற்றினேன். அந்த மூலை தோசைமாவுக்குத்தான் சரி, இந்த ஈஸ்டுக்கு அது பெருஞ்சூடு. அவசரத்தில் தின்று பியரில் வார்னிஷ் மணம் வரப்பண்ணும். இது நீயும் அம்மாவும் சேர்ந்துவிட்ட பிழை. பொயிலரைக் குறைத்து, அலுமாரிக் கதவை நீக்கி வைத்து, வாளியில் ஒட்டிய, சூடு காட்டுகிற பட்டையை இருபது டிகிரியில் நிறுத்தினேன். மூடியை அம்மா முழங்கையால் சுற்றிவர அமத்திப் பூட்டினார். மானி ஆயிரத்து நாற்பதில் நின்றது. அடுத்த நாள் குழாய் பொளக் பொளக் என்றது. இனி நான் அறிய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அன்றைய ஞாயிறு நடந்ததை அப்படியே திரும்பச் செய்து பார்ப்பது.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல. அன்று "மூடியைத் திறந்தனீங்களோ" என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். திறந்தேன். அம்மா பராமரிப்பு நிலையத்தில் இரவு வேலைக்குப் போன காலம் முழுக்க, காலையில் தோசைமா பொங்கிவிட்டதா என்று திறந்து பார்க்கிற வேலை என்னுடையது. அந்த மூலையில் ஒரு சட்டி இருந்தால் என் கை தன்பாட்டில் போய் மூடியைத் தூக்கும். கையைக் கழுவிவிட்டுத்தான் தூக்கினேன். உள்ளே தேன் நிறத்தில் நுரை, கோலிபிளவர்ப் பூ மாதிரிக் குவிந்து நின்றது. வடிவாக இருந்தது, மகன். பார்த்துவிட்டு மூடினேன். அந்த மூடி சுற்றிவர டக் டக் என்று விழ வேண்டும். முக்கால்வாசி விழுந்தது. கடைசிக் கால்வாசி விழவில்லை. என் வலது பெருவிரல் இரண்டு வருஷமாகச் சரியாக மடங்குவதில்லை, அமத்தினால் பெலன் இல்லை. உங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை இடக்கையால் பிடிப்பதை நீங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கேட்கவில்லை. அமத்திக்கொண்டு நிற்கும்போது வாசல் மணி அடித்தது, யாமினி வீட்டார். அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

என் வாளியிலும் அதையே செய்தேன். திறந்தேன், என் கையால் மூடினேன், கடைசிக் கால்வாசி விழவில்லை. குழாய் அந்த நிமிஷமே நின்றது. இரண்டு நாள் ஒரு குமிழி இல்லை. மானி மட்டும் இறங்கிக்கொண்டே போனது, ஆயிரத்து இருபத்தாறு, ஆயிரத்துப் பதினெட்டு. என் வழக்கை நானே வென்றேன், அதே நேரம் நானே தோற்றேன். உன் பியர் சாகவில்லை, உப்புப் போடப்படவில்லை. ஆனால் அது மௌனமானது என்னால்தான். அதைக் கண்ட நாளே அம்மாவுக்குச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ" என்றார் அம்மா. "இருபத்தைஞ்சு வருசமா நீங்கள் திறந்து பாத்துத்தான் மா பொங்கினதெண்டு நினைச்சுக்கொண்டோ இருக்கிறியள்?"

நான் மானியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"பெடியன் கேக்கேக்கை ஓமெண்டு சொல்லியிருந்தா அதோடை முடிஞ்சிருக்கும்."

"ஓமெண்டா ஏன் சரியா மூடேல்லை எண்டு கேட்டிருப்பான்."

"கேக்கட்டுமே. விரலைக் காட்டியிருக்கலாமே."

அந்த மாடியில், உன் மாமனாருக்கு முன்னால், ஒரு வாளியை மூட எனக்கு ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். இல்லை என்பது லேசாக வந்தது. நீ உப்பு என்று சொன்ன பிறகு அந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் போனது. திறந்தேன் என்று சொன்னால் உப்பையும் என் தலையில்தான் போட்டிருப்பாய். ஆனாலும் ஒன்றை விளங்கிக்கொள். திறந்தது வேறு, நஞ்சு போட்டது வேறு. திறந்ததற்கும் பொய் சொன்னதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இங்கே, எல்லாரும் வாசிக்க. உப்புக்குக் கேட்கமாட்டேன். சாகும்வரை கேட்கமாட்டேன். உன் தகப்பன் உன் கலியாணத்துக்குக் காய்ச்சியதைக் கெடுப்பான் என்று நீ எப்படி நினைத்தாய் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று ஞாயிறு மானியைப் பார்த்தேன், ஆயிரத்துப் பத்து. அளந்த குவளையில் இருந்ததை அம்மா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "பழஞ்சோத்துத் தண்ணியிலை கறுவா ஊறவைச்ச மாதிரிக் கிடக்கு, ஆனா பறுவாயில்லை" என்றார். இன்னும் ஒரு மிடறு குடித்தார். நாற்பது வருஷத்தில் இவரைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது. இப்போது குழாய் மௌனமாக இருக்கிறது. முடிந்ததா, இல்லையா என்று அந்த மௌனத்தை வைத்துச் சொல்ல ஏலாது. முடியாததைப் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். புத்தகத்தில் கண்ணாடி குத்திய கையின் படமே போட்டிருக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நீ இன்றைக்கே யாமினியின் அப்பாவுக்குப் போன் எடுத்து, அப்பா உப்புப் போடவில்லை, நான் அளந்து பார்க்காமல் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். குழுவில் எழுதினால் போதாது, உன் குரலில் சொல்ல வேண்டும். அவர் அடுத்த முறை வரும்போது என் தோளில் தட்டக்கூடாது. மூடியைத் திறந்ததை அவருக்கு நேரில் சொல்ல வேண்டியது நான், சொல்வேன். நோர்பரிச் சிநேகிதனுக்கு, பாலறுகு ரெய்னர்ஸ் லேனில்தான் என்று அறிவிக்க வேண்டியது நீ. அறுகம்புல் வாங்குவது நான். பால் கிண்ணத்தை எடுத்து மினுக்குவது அம்மா, அவர் நேற்றே மினுக்கிவிட்டார், நீ என்ன சொல்வாய் என்று காத்திருக்கவில்லை. என் விரலை டொக்டரிடம் காட்ட நாள் எடுக்க வேண்டியது நான். கூட்டிக்கொண்டு போக வேண்டியது நீ, எனக்கு இப்போது ஸ்டியரிங் பிடிப்பதும் சரியில்லை. விருந்தில் பியர் ஊற்றுவது உன் சிநேகிதர்கள். எனக்கு ஒருவரும் ஊற்றக்கூடாது, அதில் மாற்றமில்லை.

அலுமாரிக் கதவில் ஒரு மட்டை ஒட்டியிருக்கிறேன். ஞாயிறு, ஆயிரத்துப் பத்து என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே புதன் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். புதன்கிழமை வேலையால் நேரே வந்து அந்த அளவை எடுத்து எழுத வேண்டியது நீ. மூடியைத் திறப்பதும் நீ. எழுதிய பிறகு திரும்ப மூடும்போது முக்கால்வாசியை நான் அமத்துவேன். மிச்சத்தை நீ அமத்த வேண்டும்.

அப்பா